வழிபாடு நீங்கிய தெய்வங்கள்

சித்திரைத் திங்களின் முழுமதி நாளன்று வல்வெட்டித்துறை விழாக்கோலம் பூண்டு விளங்கும். முத்துமாரியம்மன் கோயிலின் ஆண்டுப் பெருவிழா தீர்த்தத்தோடு நிறைவெய்தும் அந்நாளின் இரவை அவ்வூரார் இந்திரவிழா எனப் பெயரிட்டுக் கொண்டாடுவர். வீதிகளில் விளக்கொளி நிறையும்; இன்னிசை விடியும்வரை ஒலிக்கும். காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் நடைபெற்றதாகப் பழங்காப்பியங்கள் கூறும் விழாவின் பெயர், ஈழத்தின் வடகரையிலுள்ள ஒரு துறைமுக ஊரில் இன்றும் வழங்கி வருகின்றது. அவ்விழாவைச் சோழ மன்னன் மறந்தமையாற் பட்டினத்தைக் கடல் கொண்டது என்பது மணிமேகலை தரும் செய்தி. கடலை நம்பி வாழும் மக்கள் அதனை மறவாது போற்றுவதில் வியப்பில்லை.

இந்திரன் வச்சிரப்படை ஏந்தியவன். விருத்திரனைக் கொன்று நீரை விடுவித்தவன் என வேதம் போற்றும் தலைவன். அவனையொத்த தெய்வம் ஒன்றைக் கிரேக்கரும் வழிபட்டனர். ஒலிம்பசு மலையில் வீற்றிருந்து இடியேற்றைப் படையாகக் கொண்ட சியூஸ் என்பவனே அத்தெய்வம். அவன் டைபோன் என்னும் பாம்புருவ அரக்கனை வீழ்த்தி உலகைக் காத்தான் என்பது அவர்தம் புராணம். சியூஸ் என்ற பெயரும் இருக்கு வேதத்தில் வரும் தியௌஸ் என்ற வான்தெய்வத்தின் பெயரும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பது மொழிநூலார் துணிபு. இந்திரனுக்கு இன்றும் ஓர் ஊர் விழா எடுக்கின்றது. அவனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க சியூஸுக்கு நேர்ந்தது யாது? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் இத்தாலி நாட்டின் ஓவியக்கூடங்களுக்குச் செல்லுதல் வேண்டும். ஏனெனில், கோயிலை இழந்த கிரேக்கத் தெய்வங்கள் இறுதியிற் புகலடைந்த இடம் அதுவே.

கிரேக்கரின் தெய்வக் கதைகளை வெறும் பொழுதுபோக்குக் கதைகளெனக் கருதுவது தவறு. அவை வழிபாட்டோடு பிரிக்கவொண்ணாது பிணைந்திருந்தவை. கடலிற் செல்வோர் பொசைடன் என்னும் கடற்றெய்வத்துக்குப் பலியிட்டனர். ஏதென்சு நகரத்தார் தம் நகர்த்தெய்வமாகிய அதீனாவுக்கு ஆடை நெய்து ஊர்வலமாக எடுத்துச் சென்று சாத்தினர். கி.மு. 776ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடப்படும் ஒலிம்பிய விளையாட்டுகளும் சியூஸின் திருவிழாவின் ஓர் உறுப்பேயாம். அவ்வொலிம்பியாவில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில், பீடியஸ் என்னும் பெருஞ்சிற்பி பொன்னாலும் தந்தத்தாலும் சியூஸின் திருவுருவைச் சமைத்தான். ஏறத்தாழ 12 மீற்றர் உயர்ந்திருந்த அவ்வுருவைப் பண்டையோர் உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றாக வைத்து எண்ணினர். இன்று அதன் சிறு துண்டேனும் எஞ்சவில்லை.

அதனை அழித்தது காலம் மட்டுமன்று. உரோமப் பேரரசு கிறித்துவ சமயத்தைத் தழுவிய பின், பேரரசன் தியோடோசியஸ் 391, 392ஆம் ஆண்டுகளிற் பிறப்பித்த ஆணைகள் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதையும் அவற்றின் கோயில்களிற் புகுவதையும் தடுத்தன. ஒலிம்பிய விளையாட்டுகளும் அந்நூற்றாண்டின் இறுதியோடு ஓய்ந்தன என்பது மரபு. அதீனாவுக்கு எடுத்த பார்த்தினன் கோயில் கன்னி மரியாளின் ஆலயமாயிற்று. பிற்காலத்திற் பள்ளிவாசலாகவும் மாறிற்று. விளக்கேற்றுவாரும் விழா எடுப்பாரும் இன்றிப்போகவே, தெய்வங்கள் கதைமாந்தராயின.

எனினும் கதைகள் எளிதில் மாய்வதில்லை. உரோமப் புலவன் ஒவிட் இயற்றிய ‘உருமாற்றங்கள்’ என்னும் காவியத்தை இடைக்கால ஐரோப்பாவின் துறவிகளே படியெடுத்துக் காத்தனர். அக்கதைகளுக்கு அவர்கள் கிறித்துவ அறநெறிப் பொருள் கற்பித்துக் கொண்டனர். கோள்களின் பெயர்களாக வியாழனும் வெள்ளியும், அதாவது யூப்பிற்றரும் வீனசும், சோதிட ஏடுகளிற் குடியிருந்தனர். ஆயினும் அவர்கள் பண்டை உருவோடு இருக்கவில்லை. அவ்வேடுகளின் ஓவியங்களில் சியூஸ் இடைக்காலப் பிரபுவின் உடையிலும் துறவியின் உடையிலும் காட்சியளித்தான். பழைய கதை ஒருபுறமும் பழைய வடிவம் மறுபுறமுமாகப் பிரிந்து கிடந்தன. அவ்விரண்டையும் மீண்டும் ஒன்றுசேர்த்த காலமே மறுமலர்ச்சிக் காலம்.

அம்மறுமலர்ச்சி முளைவிட்ட நகரம் புளோரன்ஸ். 1397ஆம் ஆண்டிற் கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து வந்த மனுவேல் கிறிசொலோராஸ் என்னும் அறிஞர் அந்நகரிற் கிரேக்க மொழியைக் கற்பிக்கத் தொடங்கினார். மேற்கு ஐரோப்பாவிற் பல நூற்றாண்டுகளாக அறிவார் அரியராய்க் கிடந்த மொழி அது. பின்னர், மெடிச்சி என்னும் வணிகக் குடும்பத்தாரின் ஆதரவில் மார்சீலியோ பிச்சினோ பிளேட்டோவின் நூல்கள் அனைத்தையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார்; அவை 1484இல் அச்சேறின. வணிகத்தாற் சேர்ந்த செல்வம் கல்விக்கும் கலைக்கும் பயன்பட்டமையைப் புளோரன்சின் வரலாறு நன்கு காட்டுகின்றது.

அந்நகரத்து ஓவியர் சாந்திரோ பொத்திச்செல்லி, 1485ஆம் ஆண்டளவில், ‘வீனசின் பிறப்பு’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். கடல் நுரையிற் பிறந்த அழகுத் தெய்வம் பெரியதொரு சிப்பியின்மீது நின்று கரையை நோக்கி வருகின்றாள். காற்றுத் தெய்வங்கள் ஊத, மலர்கள் சொரிகின்றன. கரையில் நிற்கும் மங்கை ஆடையொன்றை விரித்து வரவேற்கின்றாள். திருப்பாற்கடலினின்றும் தாமரைமீது தோன்றிய திருமகளின் கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இக்காட்சி அயலானதன்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பொத்திச்செல்லி வீனசை வழிபட்டவர் அல்லர். அவருக்கு அவள் ஓர் எண்ணத்தின் உருவம். மானிட ஆன்மாவை இறைவன்பால் ஈர்க்கும் பேரழகு என்று பிச்சினோ முதலியோர் அவளுக்குப் பொருள் கூறினர். இல்லத்தை அணிசெய்யும் ஓவியமாகவும் அறிஞர் கூடி ஆராயும் உவமையாகவும் அவள் புதுவாழ்வு பெற்றாள். அவள் திருமுன் கைகூப்பியவர் எவருமிலர்.

இப்புதுவாழ்வை அந்நகரத்தார் அனைவரும் விரும்பினர் என்றும் சொல்லவியலாது. 1497ஆம் ஆண்டு சவொனரோலா என்னும் துறவியின் தூண்டுதலால், புளோரன்சின் நடுச் சதுக்கத்தில் அணிகலன்களும் இசைக்கருவிகளும் நூல்களும் ஓவியங்களும் குவிக்கப்பட்டுத் தீக்கிரையாயின. மறுமலர்ச்சி எதிர்ப்பின்றி மலர்ந்த மலர் என எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்தல் நன்று.

ஒன்பது ஆண்டுகளின் பின், 1506 சனவரியில், உரோம் நகரின் ஒரு திராட்சைத் தோட்டத்து மண்ணினுள் சிற்பத் தொகுதியொன்று வெளிப்பட்டது. திராய் நகரத்துப் பூசகனாகிய இலாவோகூன் மரக்குதிரையைப் பற்றித் தன் மக்களை எச்சரித்தான். உடனே கடலினின்றும் எழுந்த இரு பாம்புகள் அவனையும் அவன் மைந்தர் இருவரையும் சுற்றி வளைத்துக் கொன்றன. அக்கதையே அங்குக் கல்லில் வடிக்கப்பட்டிருந்தது. செய்தி கேட்டு விரைந்தோருள் மைக்கலேஞ்சலோவும் ஒருவர். முறுக்கேறிய தசையும், வலியால் திறந்த வாயும், விடுபடத் துடிக்கும் உடலும் அவர் உள்ளத்திற் பதிந்தன. பின்னாளில் அவர் வடித்த அடிமைகளின் சிற்பங்களில் அதன் சாயலை அறிஞர் காண்கின்றனர். பாப்பாண்டவர் இரண்டாம் யூலியஸ் அத்தொகுதியை விலைக்கு வாங்கித் தம் வத்திக்கான் அரண்மனையில் வைத்தார்.

அதே பாப்பாண்டவரின் மாளிகைச் சுவர்களில் 1509 முதல் 1511 வரை இரபேல் வரைந்த ஓவியங்கள் இன்னும் வியப்பளிப்பன. ஒரு சுவரில் நற்கருணையைச் சூழ்ந்து கூடிய திருச்சபைப் பெரியோர். எதிர்ச்சுவரிற் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் முதலான கிரேக்க ஞானியர். மற்றொரு சுவரில் பர்னாசஸ் மலைமீது கலைத்தெய்வங்கள் சூழ அமர்ந்து நரம்பிசைக்கும் அப்பலோ. அப்பலோவின் கோயில்களை மூடிய சமயத்தின் தலைவர், தம் அறையின் சுவரில் அவனுக்கு இடமளித்தார். எவ்வாறு இது கூடிற்று? அப்பலோவை வழிபடுவார் உலகில் எவருமிலர் என்பதனாலேயே கூடிற்று. வழிபாடு நீங்கிய பின்னரே அவன் திருச்சபைக்கு அச்சந்தராத விருந்தினன் ஆனான்.

மறுமலர்ச்சி ஓவியரின் உரிமையும் இதிலிருந்து பிறந்ததே. வழிபடு தெய்வத்தின் உருவை ஆகமமும் மரபும் வரையறுக்கும். அதிற் கலைஞன் தன் விருப்பம்போல் எதனையும் மாற்றல் ஆகாது. வழிபாடற்ற தெய்வத்தை அவன் எவ்வாறும் தீட்டலாம். காதலையும் சினத்தையும் துயரையும், மனித உடலின் வனப்பனைத்தையும், அத்தெய்வங்களின் பெயரால் ஓவியர் ஆராய்ந்தனர். ஆல்பர்ட்டி 1435இல் எழுதிய ஓவியநூல் விளக்கிய காட்சித்தொலைவு விதிகளும், உடற்கூற்று ஆராய்ச்சியும், எண்ணெய் வண்ணமும் அம்முயற்சிக்குத் துணைநின்றன. மேனாட்டுக் கலை பெற்ற பெருஞ்செல்வம் இது. அதற்குக் கொடுத்த விலை, தெய்வம் தெய்வமாக இல்லாதொழிந்தமை.

இக்கலை கடல்கடந்து கீழ்நாடுகளுக்கும் வந்தது. திருவாங்கூரைச் சேர்ந்த இரவிவர்மா (1848–1906) ஐரோப்பிய முறைப்படி எண்ணெய் வண்ணத்தில் இந்துத் தெய்வங்களையும் புராண மாந்தரையும் தீட்டினார். 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்தினின்றும் வெளிவந்த திருமகள், கலைமகள் படங்கள் நாடெங்கும் பரவின. மறுமலர்ச்சி வழிவந்த ஒளியும் நிழலும் உடற்செறிவும் அத்தெய்வங்களுக்கு வாய்த்தன. ஆயினும் இங்கு நிகழ்ந்தது புளோரன்சில் நிகழ்ந்ததற்கு நேர்மாறு. அங்கு வழிபாடு நீங்கித் தெய்வம் ஓவியமாயிற்று. இங்கு ஓவியம் பூசையறை புகுந்து வழிபாட்டைப் பெற்றது. பொட்டிட்டுப் பூச்சூட்டிய அப்படங்கள் தமிழர் இல்லங்களில் இன்றும் உள.

அக்காலத்து மேனாட்டு அறிஞர் பலர் கிரேக்கக் கலையையும் மறுமலர்ச்சிக் கலையையுமே உலகக் கலைக்கெல்லாம் அளவுகோலாகக் கொண்டனர். 1910ஆம் ஆண்டு இலண்டனிற் கூடிய ஓர் அவையில், இந்தியாவில் நுண்கலை என்பதே இல்லை என்று சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட் கூறினார். பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரெட் பூஷேயோ, காந்தாரத்துச் சிற்பங்களை நுணுகி ஆராய்ந்து, புத்தரின் திருவுருவே கிரேக்கரிடமிருந்து பெற்றதென வாதிட்டார். காந்தாரத்திற் கிரேக்கச் சாயல் இருந்தமை உண்மையே. அங்குப் புத்தருக்கு மெய்காவலாக நிற்கும் வச்சிரபாணி, சிங்கத்தோல் போர்த்த கிரேக்க வீரன் எராக்கிளிசின் உருவிற் காணப்படுவதுண்டு. ஆனால், அதுகொண்டு இந்தியக் கலையனைத்தும் இரவற்பொருள் என்று கூறுதல் பொருந்துமா?

இவ்வினாவுக்கு விடையிறுத்தோருள் தலையாயவர் ஆனந்த குமாரசுவாமி. வல்வெட்டித்துறைக்கு அணித்தாயுள்ள கெருடாவிலை முன்னோரின் ஊராகக் கொண்ட குடும்பம் அவருடையது. பாட்டனார் 1835இல் இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் அமர்ந்தவர். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் 1863இல் வெளியிட்டவர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. 1877இற் கொழும்பிற் பிறந்த ஆனந்தர் குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். நிலவியல் கற்று, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராக வந்தார். மலைநாட்டுக் கைவினைஞரின் தொழில் தம் கண்முன்னே நலிவதைக் கண்டு கலையாராய்ச்சியிற் புகுந்தார். 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் அவர் நூல் அதன் பயன். 1917 முதல் 1947இல் மறையும்வரை அமெரிக்காவின் போஸ்டன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றினார்.

1927இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் அவர் பூஷேயின் கொள்கையை மறுத்தார். மதுரா நகரத்துச் சிற்பிகள், பண்டைய இயக்கர் உருவங்களின் மரபைப் பின்பற்றியே புத்தரின் உருவைச் சமைத்தனர் எனச் சான்றுகளோடு காட்டினார். அதனினும் ஆழமானது அவருடைய அடிப்படைக் கொள்கை. இந்தியச் சிற்பி கண்முன் நிற்கும் மனித உடலைப் பார்த்துப் படியெடுப்பவன் அல்லன். தியான சுலோகம் கூறும் உருவை உள்ளத்தில் நிறுத்திப் பின்னர்க் கல்லிலும் செம்பிலும் வெளிப்படுத்துபவன். ஆதலின், உடற்கூறு பிழைத்தது என்று அவன் படைப்பைக் குறைகூறுதல், செய்யுளை வணிகக் கணக்கோடு ஒப்பிட்டுக் குறைகூறுதல் போலாகும். ஐரோப்பாவிலும் இடைக்காலத்துக் கிறித்துவக் கலைஞர் இந்நெறியையே பின்பற்றினர். மறுமலர்ச்சியே அதினின்றும் விலகிற்று என்பது அவர் முடிபு. அதனால் அவர் மறுமலர்ச்சியை வளர்ச்சியென ஏற்றாரல்லர். இரவிவர்மாவின் ஓவியங்களையும் கடிந்துரைத்தார்.

அவர் கூறிய யாவற்றையும் அவ்வாறே ஏற்க வேண்டியதில்லை. காந்தாரமும் மதுராவும் ஏறத்தாழ ஒரே காலத்திற் புத்தர் உருவைத் தத்தம் வழியில் வடித்தன என்றே பிற்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மறுமலர்ச்சியிலும் அவர் கண்டதினும் மிகுந்த ஆழம் உண்டு. மைக்கலேஞ்சலோ உடற்கூற்றை மட்டும் வடித்தவர் அல்லர். அம்மரபில் வந்த பிரெஞ்சுச் சிற்பி ரொடின், நடராசர் திருவுருவின் நிழற்படங்களைக் கண்டு உளமுருகி எழுதிய கட்டுரை 1921இல் வெளிவந்தபோது, அதே நூலிற் குமாரசுவாமியின் எழுத்தும் இடம்பெற்றது. உண்மைக் கலைஞனுக்கு அளவுகோல் தடையாவதில்லை என்பதற்கு இது சான்று.

குமாரசுவாமி போஸ்டனில் இருந்த காலத்தில், அந்நகரிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தை ஒரு கப்பல் அடைந்தது. வல்வெட்டித்துறைக் கம்மியரின் கைத்திறத்தால் உருவான ‘அன்னபூரணி’ என்னும் இருபாய்மரக் கப்பலே அது. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செங்கடல், சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக்குக் கடல் வழியே செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்கக் கரை சேர்த்தனர். ஒடிசியஸ் அலைந்து திரிந்ததாகக் கிரேக்கக் காவியம் கூறும் அதே கடலை அவர்கள் பாய்விரித்துக் கடந்தனர். உரிமை மாறியபோது கப்பலின் பெயரும் மாறிற்று. புதிய உடைமையாளரின் மனைவி பெயரால் அது ‘புளோரன்ஸ்’ ஆயிற்று. மரமும் பாயும் அவையே; தெய்வத்தின் பெயர் மட்டும் நீங்கிற்று. புளோரன்ஸ் நகரத்து ஓவியர் கையில் வீனசுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

இத்தகைய மாற்றம் பிறநாட்டாருக்கு மட்டும் நேர்வதன்று. 1907, 1908ஆம் ஆண்டுகளிற் பொலனறுவைச் சிவன் கோயில்களின் அருகே நடராசர் திருமேனியும் சமயகுரவர் திருவுருவங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை கொழும்பு நூதனசாலையில் இடம்பெற்றன. குமாரசுவாமி அவற்றை ஆராய்ந்து 1914இல் நூலொன்று வெளியிட்டார். முன்னொரு நாள் திருமஞ்சனமும் தீபாராதனையும் கண்டு வீதியுலா வந்த திருமேனிகள், இன்று கண்ணாடிக்கு அப்பால் நிற்கின்றன. அவற்றின் அழகு குறையவில்லை. ஆனால் அவற்றைக் காண வருவோர் அடியாரல்லர், பார்வையாளர். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்கு என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு, நூதனசாலையிற் கடமையாற்றிய குமாரசுவாமி 1943இல் நூலெழுதினார். அப்பொருள்கள் எதற்காகச் செய்யப்பட்டனவோ அப்பயனை விளக்கிக் காட்டுவதே நூதனசாலையின் கடமை என்பது அவர் கருத்து.

மறுமலர்ச்சிக் கலையைக் கற்போர்க்கும் இது தக்க வழிகாட்டியாகும். பொத்திச்செல்லியின் வீனசைக் காண்போர் அவ்வழகோடு நின்றுவிடாது, அவளுக்கு ஒருகாற் பூசை செய்த சைப்பிரசுத் தீவின் கோயிலையும், கடலோடிகள் அவளிடம் அமைதியான கடலை வேண்டியதையும் அறிதல் வேண்டும். அங்ஙனம் அறிந்தாலன்றி, அவ்வோவியத்தின் பொருளிற் பாதி விளங்காது.

1983ஆம் ஆண்டின் பின் ஈழத்தில் நிகழ்ந்த போர், வல்வெட்டித்துறை மக்களிற் பலரை ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறச் செய்தது. அங்குப் பிறந்து வளரும் பிள்ளைகள் புளோரன்சின் ஓவியங்களைப் பள்ளிப் பாடத்திற் கற்கின்றனர்; அம்மனையும் இந்திரனையும் பெற்றோரின் சொல்லாலும் படங்களாலும் அறிகின்றனர். கதையை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிட்டால், அம்மன் அழகியதொரு கதைமாந்தராக நிலைபெறக்கூடும். சியூசும் அப்பலோவும் அவ்வாறே நிலைபெற்றனர். தீர்த்த நாளன்று யார் எந்தக் கடமையைச் செய்வர், எந்த வீதிக்கு எவர் விளக்கேற்றுவர், கடலுக்குச் செல்வோர் எதனை வேண்டுவர் என்பனவும் அக்கதையோடு சேர்த்துச் சொல்லத்தக்கவை. அவற்றை அறிந்த முதியோர் ஊரில் இன்றும் உளர். கேட்டறிய விழைவோர்க்கு அவர்கள் மறுப்பதில்லை.